லைன் நிரம்பியிருந்தும் லோடு 84 என்று காட்டிய ரூட்டர்

ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து கிளைக்கு 2048 கிலோபிட் வேகத்தில் ஒன்றும் 512 கிலோபிட் வேகத்தில் ஒன்றுமாக இரண்டு லீஸ்டு லைன்கள் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்புகள்) சென்றன. இரண்டிலும் வழியைத் தேர்ந்தெடுக்கும் ரூட்டிங் நெறிமுறையான இஐஜிஆர்பி இயங்கியது. மாதக் கடைசியில் கிளையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்குத் திரை உடனே திறக்கும், மற்றவர் காத்திருப்பார்.

நான் முதலில் சந்தேகித்தது 512 லைனைத்தான். ஆனால் தலைமை அலுவலக ரூட்டரில் அந்த லைன் சேரும் இன்டர்ஃபேஸின் அனுப்பும் லோடு, அதாவது நிரம்பிய அளவு, 84/255 என்றே இருந்தது. மூன்றில் ஒரு பங்குதானே என்று நம்பி, சர்வரிலும் சுவிட்சிலும் இரண்டு நாட்களைச் செலவிட்டேன். மூன்றாம் நாள்தான் அதற்கு மேல்வரியைக் கவனித்தேன்: பேண்ட்வித் 1544. சீரியல் இன்டர்ஃபேஸில் நாம் எதுவும் எழுதாவிட்டால் ரூட்டர் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு அது. லோடு என்பது ஓடும் டிராஃபிக்கை இந்த எண்ணால் வகுத்து 255-ஆல் பெருக்கினால் வருவது. லைனின் உண்மையான வேகம் ரூட்டருக்குத் தெரியாது. 512-ஐ 1544-ஆல் வகுத்துப் பெருக்கினால் அதே 84 வருகிறது. லைன் விளிம்பு வரை நிரம்பியிருந்தது.

இரண்டு இன்டர்ஃபேஸிலும் 1544 என்றே இருந்ததால், கிளையின் உள் வலையமைப்புக்கு (லேன்) இரு வழியிலும் மெட்ரிக், அதாவது குறைவாக இருந்தால் நல்ல வழி என்று காட்டும் மதிப்பு, 2172416 என்று சமமாக வந்து, ஒருவருடையது ஒரு லைனிலும் மற்றவருடையது மறு லைனிலுமாக டிராஃபிக் பாதிப் பாதியாகப் பிரிந்திருந்தது.

லோடையும் மெட்ரிக்கில் சேர்க்கலாம் என்று மூத்த பொறியாளர் ஒருவர், மெட்ரிக் கணக்கில் எதைச் சேர்ப்பது என்று சொல்லும் கே மதிப்புகளில் லோடுக்கு உரிய கே2-ஐ 1 ஆக்கச் சொன்னார். ஒரு ரூட்டரில் மாற்றியதுமே அண்டை ரூட்டர்களுடன் தொடர்பு அறுந்தது, ஏனெனில் கே மதிப்புகள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் மாற்றிய பிறகும் பயனில்லை. ஒரு கோடியை பேண்ட்வித்தால் வகுத்து வரும் எண்ணை, 256-லிருந்து லோடைக் கழித்த மீதியால் வகுத்துக் கூட்டுவதே அந்தக் கணக்கு. எங்கள் 6476 என்ற எண்ணுக்கு லோடு 1 என்றால் 25, லோடு 84 என்றால் 37, லோடு 255-ஐத் தொட்டால்தான் 6476. அதோடு, லோடு மாறியதற்காக மட்டும் இஐஜிஆர்பி அப்டேட் அனுப்புவதில்லை. அதைக் குறை என்று நான் கருதவில்லை. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1979-இல் அளந்த தாமதத்தையே மெட்ரிக்காக வைத்தபோது, நெரிசல் நேரத்தில் டிராஃபிக் ஒரு வழியிலிருந்து மறு வழிக்குத் தாவித் தாவித் திரும்பியதால், 1987-இல் அந்தக் கணக்கையே திருத்த வேண்டியிருந்தது.

கடைசியில் கே2-ஐ 0 ஆக்கி, இரு முனைகளிலும் பேண்ட்வித்தை 2048, 512 என்று உள்ளபடி எழுதினோம். மெட்ரிக் 1764352, 5514496 என்று பிரிந்தது. விகிதம் மூன்று மடங்கைச் சற்றே தாண்டுவதால் சிறந்த வழியைவிட எத்தனை மடங்கு வரை மெட்ரிக் உள்ள வழியையும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் வேரியன்ஸ் 3 போதவில்லை; 4 கொடுத்ததும் டிராஃபிக் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று எனப் பங்காயிற்று.

மற்றொரு பொறியாளரின் அனுபவம்:

எங்கள் வளாகத்தில் ஓஎஸ்பிஎஃப் என்ற மற்றொரு ரூட்டிங் நெறிமுறையைப் பயன்படுத்துகிறோம். அது லோடைப் பார்ப்பதே இல்லை. ரெஃபரன்ஸ் பேண்ட்வித் எனப்படும் 100 மெகாபிட்டை பேண்ட்வித்தால் வகுத்து, 1-க்குக் குறையாமல் காஸ்ட் (அதன் மெட்ரிக்) எடுப்பதால், 1 ஜிகாபிட்டுக்கும் 10 ஜிகாபிட்டுக்கும் காஸ்ட் 1 தான். புதிய 10 ஜிகாபிட் ஃபைபர் இழுத்த பிறகும் பாதி டிராஃபிக் பழைய 1 ஜிகாபிட் லைனிலேயே சென்றது. ரெஃபரன்ஸ் பேண்ட்வித்தை 100000 மெகாபிட் என்று மைய ரூட்டரில் மட்டும் நான் மாற்றியது தவறு: அங்கிருந்து போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறு என்றாகி, இடையிலிருந்த ஃபயர்வால் இணைப்புகளைத் துண்டித்தது. அன்றிரவே எல்லா ரூட்டர்களிலும் அதே எண்ணை எழுதினேன்.