புதுப்பிப்பு: ஓசூர் பக்கம் பிரீசியன் குதிரை, சினை பிடித்த பிறகு

பிரீசியன் என்பது நெதர்லாந்தின் கறுப்புக் குதிரை இனம். போன பதிவு அதற்கு உறைவிந்து ஊசி போடும் நேரம் பற்றியது. சினை நின்றபின் என்ன செய்வது என்று பலர் கேட்டதால் இது.

கருமுட்டை வெளியானதிலிருந்து 14-16ஆம் நாளில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். இரட்டைக் கரு என்றால் அப்போதே ஒன்றை மருத்துவர் நசுக்கிவிடலாம். தள்ளிப்போனால் கரு ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரிப்பது கஷ்டம்.

நம் பக்கம் மாட்டுக்குப் போடும் நேப்பியர் புல்லையே குதிரைக்கும் தள்ளுகிறார்கள். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும். தவிடும் சேர்ந்தால் எலும்பு கெட்டு முகம் வீங்கும். குதிரைமசாலைக் கூட்டுங்கள்.

பெரிய தலைவலி நஞ்சுக்கொடி. இந்த இனத்தில் பாதிக்கு மேல் அது தானாக விழுவதில்லை. ஈன்று 3 மணி நேரம் ஆகியும் விழவில்லையா, மருத்துவரைக் கூப்பிட்டு ஆக்சிடோசின் (கருப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து) போடுங்கள். தொங்குவதைக் கையால் இழுக்கவே கூடாது. துண்டு உள்ளே தங்கினால் கருப்பையில் சீழ், பிறகு குளம்பு அழற்சி. விழுந்ததை விரித்து, இரண்டு கொம்பு நுனியும் (கருப்பையின் இரு கிளைகளில் இருந்த பகுதி) முழுசாக இருக்கிறதா பாருங்கள்.

1913-ல் நெதர்லாந்தில் இந்த இனத்தில் மூன்று பொலிக்குதிரைகளே மிஞ்சியிருந்தன. அதனால் எல்லாம் நெருங்கிய ரத்தம். குள்ளத்தன்மை, மூளைநீர்க்கோர்வை இரண்டுக்கும் மரபணுச் சோதனை உண்டு. ஒரே குறையைச் சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீத ஆபத்து. பொலிக்குதிரையின் சோதனைத் தாள் இல்லாத விந்தை, விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

சினை ஏறக்குறைய 11 மாதம். ஜனவரி, பிப்ரவரியில் ஊசி போட்டால் ஐப்பசி மழையும் கொசுவும் ஓய்ந்தபின் குட்டி விழும்.