கலைச்சொல்: உண்பூச்சியா, கறிப்பூச்சியா?

> மனிதர் உண்ணும் பூச்சிக்கு 'உணவுப்பூச்சி', அதை அரைத்தால் 'பூச்சிமாவு', தாய்லாந்தில் பண்ணை வைத்து வளர்க்கும் 'கிரிக்கெட்' இனத்துக்குச் 'சுவர்க்கோழி'. மூன்றையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

ஏற்ற வேண்டாம் ஐயா. பொட்டலத்தின் மேல் அச்சானால் மூன்றுமே வாங்குபவரைக் குழப்பும்.

உணவுப்பூச்சி என்றால் உணவில் விழுந்த பூச்சி என்றுதான் படிப்போம். பூச்சிமாவு இன்னும் மோசம். பப்பாளியிலும் மரவள்ளியிலும் வெள்ளையாக அப்பிக்கொள்ளும் பயிர்ப்பூச்சிக்கு 'மாவுப்பூச்சி' என்ற பெயர் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. தவிர, மாவு என்றதும் கோதுமைக்குப் பதிலாக அப்படியே போடலாம் என்று தோன்றும். இதில் பசையம் (குளூட்டன்) கிடையாது. ரொட்டிக்கான மாவில் 100 கிராமுக்கு இது 10 கிராமைத் தாண்டினால் உப்பல் குறைந்து ரொட்டி கட்டியாகும். 'தூள்' போதும்.

சுவர்க்கோழி அகராதிப்படி சரி. ஆனால் 'சுவர்க்கோழித் தூள்' என்று படிப்பவர் கோழி சூப்புப் பொடி என்று எடுத்துப் போய்விடுவார். இறால் ஒவ்வாதவருக்கு அது ஆபத்து. இறாலில் ஒவ்வாமை தரும் டிரோபோமயோசின் என்ற தசைப்புரதத்தை மிகவும் ஒத்த ஒன்று இதிலும் இருக்கிறது, வேகவைத்தாலும் போகாது. 'சிள்வண்டு' என்போம். இது வண்டினமே இல்லை என்று பூச்சியியலார் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பொதுப்பெயருக்கு 'உண்பூச்சி' என்று சிலர் எழுதுகிறார்கள். குடிநீர் போல வினைத்தொகைதான். ஆனால் கொல்களிறு என்றால் கொல்லும் களிறு, அந்தக் கணக்கில் உண்பூச்சி பயிரை உண்ணும் பூச்சியாகிவிடும். கறிக்கோழி, முட்டைக்கோழி என்று பண்ணையில் சொல்வதுபோல் 'கறிப்பூச்சி' எனலாம். எதற்காக வளர்த்தது என்று கேட்டவுடன் விளங்கும்.

---

> 'கறிப்பூச்சி' எனலாம்

வளர்ப்பதற்குப் பொருந்தும். ஈசலை யார் பண்ணையில் வளர்க்கிறார்கள்? புறநானூறு 119இல் செம்புற்று ஈயல் மோரோடு புளிங்கறியாகிறது. அகநானூறு 394இல் வரகரிசியோடு ஈயல் பெய்து அட்ட புளிச்சோறு. 2024இல் புவிசார் குறியீடு பெற்ற ஒடிசாவின் சிமிலிபால் 'காய்' சட்னிக்கான முசுறு எறும்பும் காட்டு மரத்திலிருந்து கூட்டோடு எடுப்பதுதான். பொதுப்பெயர் 'உண்பூச்சி'யாகவே இருக்கட்டும். பயிரைப் பூச்சி உண்கிறது என்று எந்த உழவரும் சொல்வதில்லை. அரிக்கும், கடிக்கும், துளைக்கும். பண்ணையில் வளர்த்ததைக் 'கறிப்பூச்சி' என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

செய்முறையில் 'பிளாஞ்சிங்' என்பதற்கு 'வெளிறச்செய்தல்' என்று இருப்பதையும் நீக்குங்கள். உண்பூச்சிகளில் ஒன்றான மாவுப்புழுவைப் பச்சையாக அரைத்தால் அதன் நொதிகளாலேயே விழுது கறுக்கும். கொதிநீரில் 2–3 நிமிடம் போட்டு எடுத்தால் நொதி செயலிழந்து நிறம் நிற்கும். இதில் வெளிறுவது எங்கே? 'கொதிநீர் முக்கல்' என்றால் செய்ய வேண்டியது அதிலேயே இருக்கிறது. வரிசை: குடல் காலியாக ஒரு நாள் பட்டினி, உறையவைத்துக் கொல்லல், கொதிநீர் முக்கல், உலர்த்தல், அரைத்தல். பாசில்லஸ் கிருமியின் வித்துகள் முக்கலுக்குச் சாகா. அவை முளைக்காமலிருக்க ஈரப்பதம் 5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். ஒடித்தால் படக்கென்று ஒடியும். கொழுப்பு அதிகம், ஆகவே விட்டுவிட்டு அரைக்காவிட்டால் சூடேறித் தூள் பசையாகிவிடும்.

> 'புரதம்' என்ற தலைப்பு?

'கச்சாப் புரதம்' என்று எழுதி, பெருக்கெண்ணையும் பக்கத்தில் போடுங்கள். புரத அளவைக் கணக்கிட வழக்கமாக நைட்ரஜனை 6.25ஆல் பெருக்குவார்கள். பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால் கணக்கு ஊதிவிடும். மாவுப்புழு போன்ற சில முழுப் புழுக்களுக்கு 4.76 பொருத்தம் என்று ஓர் ஆய்வு சொல்கிறது, மற்ற இனங்களுக்கு எண் மாறும். அந்தக் கணக்கில் 100 கிராமில் நைட்ரஜன் 10 கிராம் என்றால் 62.5 கிராம் இல்லை, 47.6தான்.

---

சரி, பொட்டல வாசகம் இப்படி: 'சிள்வண்டுத் தூள் (உண்பூச்சி). இறால், நண்டு, சிப்பி, தூசி உண்ணி ஒவ்வாதவர்களுக்கு ஒவ்வாமை ஏற்படலாம்.'

---

வீட்டுத் தூசியில் வாழும் மிகச்சிறு உயிரிக்குத் 'தூசி உண்ணி' வேண்டாம், 'உண்பூச்சி'க்குப் பக்கத்தில் வந்தால் குழம்பும். 'தூசிப்பேன்' என்று மாற்றிவிடுங்கள்.