நடுநிலையாக்கிய பின்னும் நடுநிலை அடையாத கரைசல்கள்: ஆய்வக அனுபவங்கள்

வேதியியல் ஆசிரியர்

அமில, காரப் பாடத்தைத் தொடங்கும்போது 0.1 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தையும் மாணவர்களிடம் கொடுத்து, இரண்டின் பிஹெச் மதிப்பையும் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) அளக்கச் சொல்வது என் வழக்கம். முன்னதில் 1 என்றும் பின்னதில் ஏறத்தாழ 2.9 என்றும் கிடைக்கும். பிறகு, இரண்டிலும் 20 மி.லி. எடுத்தால் எதை நடுநிலையாக்க அதிக சோடியம் ஹைட்ராக்சைடு செலவாகும் என்று கேட்பேன். பெரும்பாலோர் தயங்காமல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே சொல்வார்கள். காரத்தை அளந்து சொட்டவிடும் குழாயான பியூரெட்டைத் திறந்து பார்த்தால், இரண்டுக்கும் 0.1 மோலார் காரம் அதே 20 மி.லி.தான் தேவைப்படுகிறது.

அசிட்டிக் அமிலக் கரைசலில், நூறு மூலக்கூறுகளில் ஒன்றைச் சற்றே மிஞ்சிய அளவுதான் அயனியாகியிருக்கிறது. ஆனால் வெளிவந்த ஹைட்ரஜன் அயனியைக் காரம் பிடித்துக்கொண்டதும் சமநிலை குலைந்து, அதை ஈடுசெய்ய அடுத்த மூலக்கூறு பிரிகிறது. அமிலம் முழுவதும் தீரும்வரை இது நிற்பதில்லை. பிஹெச் மீட்டர் காட்டுவது அந்த நொடியில் வெளியே உள்ள அயனிகளை மட்டுமே. பியூரெட்டோ கையிருப்பு முழுவதையும் கணக்கெடுக்கிறது. வலிமையும் செறிவும் வேறுவேறு என்று வரையறையாகச் சொல்லிப் புரியவைப்பதைவிட, இந்தச் சோதனையைச் செய்ய வைப்பது எளிது என்பது என் கருத்து.

ஆய்வக உதவியாளர்

ஆசிரியர் குறிப்பிட்ட சோதனையில், வினை முடிந்ததை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டியையும் கவனிக்க வேண்டும். அசிட்டிக் அமிலத்துக்கு மெத்தில் ஆரஞ்சைப் பயன்படுத்தும் மாணவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதன் நிறமாற்றம் பிஹெச் 3.1-க்கும் 4.4-க்கும் இடையே நிகழ்வதால், காரம் 6 மி.லி. சேர்வதற்குள் கரைசல் மெல்ல மெல்ல மஞ்சளாகிவிடும். அமிலத்தில் பாதிகூட அப்போது தீர்ந்திருக்காது. இந்த வினையில் சமான நிலை, அதாவது அமிலமும் காரமும் சரிசமமாகத் தீரும் புள்ளி, பிஹெச் 8.7-க்கு அருகில் அமைவதால், 8.2-க்கு மேல் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன்தான் பொருத்தமானது. கிடைத்த நிறம் சற்று நேரத்தில் மங்கினால், காரத்தை மேலும் சேர்க்கக் கூடாது: காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து பிஹெச் மதிப்பைக் குறைப்பதே அதற்குக் காரணம்.

கல்லூரி மாணவி

அந்த 8.7 என்ற மதிப்புதான் என்னை நெடுநாள் குழப்பியது. அமிலமும் காரமும் சரிசமமாகத் தீர்ந்த பிறகு எஞ்சுவது உப்பும் நீரும் என்றால், பிஹெச் மதிப்பு ஏன் 7 ஆக இல்லை? அசிட்டேட் அயனி நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறித்து ஹைட்ராக்சைடு அயனியை விட்டுவைக்கிறது என்பதை அறிந்த பிறகு, உப்புக் கரைசல்களை ஒவ்வொன்றாக லிட்மஸில் சோதித்தேன். அம்மோனியம் குளோரைடு நீலத் தாளைச் சிவப்பாக்கியது. சோடியம் கார்பனேட் சிவப்புத் தாளை நீலமாக்கியது. சோடியம் குளோரைடு எதையும் மாற்றவில்லை.

அம்மோனியம் அசிட்டேட்டும் எதையும் மாற்றவில்லை. ஆனால் அதன் இரண்டு அயனிகளும் நீருடன் வினைபுரிகின்றன. இரண்டின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஒன்றின் விளைவை மற்றொன்று ஈடுசெய்துவிடுகிறது. இந்த இரு உப்புகளையும் லிட்மஸால் வேறுபடுத்த முடியாது என்றாலும் ஒரு வழி உண்டு. 0.1 மோலார் கரைசல்களில் 20 மி.லி. எடுத்து, ஒவ்வொன்றிலும் அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 1 மி.லி. சேர்த்தால், சோடியம் குளோரைடு கரைசலின் பிஹெச் மதிப்பு 2.3 அளவுக்குச் சரிகிறது. அம்மோனியம் அசிட்டேட்டில் அது 6-க்கு அருகிலேயே நின்றுவிடுகிறது. சேர்த்த ஹைட்ரஜன் அயனிகளை அசிட்டேட் அயனிகள் ஏற்றுக்கொள்கின்றன. குளோரைடு அயனிகளால் அது இயலாது.