செஸ்னா 172-க்கு ஹெட்செட்: ஏஎன்ஆர் வேண்டுமா, பாஸிவ் போதுமா?

தரையோட்டம்:
அடுத்த மாதம் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) பயிற்சி ஆரம்பம். விமானம் செஸ்னா 172எஸ். பாஸிவ் வகை (கிண்ணமும் நுரையும் மட்டுமே சத்தத்தைத் தடுப்பது) டேவிட் கிளார்க் எச்10-13.4 போதும் என்கிறார் ஒருவர். ஏஎன்ஆர் வகை (மின்னணு முறையில் சத்தத்தை அடக்குவது) போஸ் ஏ30 தவிர வேறெதையும் தொடாதே என்கிறார் இன்னொருவர். விலையோ ஏறத்தாழ மூன்று மடங்கு. நான் மூக்குக்கண்ணாடி போடுபவன். பாட்டுக் கேட்கும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் ஒன்று கையில் இருக்கிறது, அதில் மைக் மாட்டிச் சமாளிக்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

எதிர்க்காற்று:
முதலில் எந்தச் சத்தத்தைக் குறைக்கப் போகிறோம் என்று பாருங்கள். 2400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 40 சுற்று. புரொப்பெல்லருக்கு இரண்டு பிளேடு, ஆக 80 ஹெர்ட்ஸ். நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் சுற்றுக்கு இரண்டு முறை எரியும், அதுவும் 80 ஹெர்ட்ஸ்தான். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து அடிப்பதுதான் அந்த உறுமல். காதுக் கிண்ணமும் நுரையும் கீச்சென்ற சத்தத்தை நன்றாகத் தடுக்கும், இந்தத் தாழ்ந்த அடிச்சத்தத்திடம் தோற்றுவிடும். ஏஎன்ஆர் அதற்கு நேர்மாறு: சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் அதன் ராஜ்ஜியம். மேலே உள்ளதற்கு அதிலும் கிண்ணம்தான் வேலை செய்ய வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் என்ஆர்ஆர் (எத்தனை டெசிபெல் சத்தம் குறையும் என்ற அளவு) பாஸிவ் தடுப்புக்கான எண் மட்டுமே. அதை வைத்து ஏஎன்ஆர் செட்டை எடை போட முடியாது. எச்10-13.4-க்கு என்ஆர்ஆர் 23. அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியாஷ் வழியில் கால்பங்கு கழித்தால் 17, அதில் 7 போக மிச்சம் 10. காக்பிட்டில் 95 டெசிபெல் இருந்தால் காதுக்கு 85 வரும். அவர்கள் கணக்கில் அது நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கும் அளவு. ஆகவே பாஸிவ் போட்டால் காது போய்விடும் என்பது மிகை. ஆனால் இரண்டு மணி நேர கிராஸ் கண்ட்ரி (வேறு ஊருக்குப் பறக்கும் பயிற்சி) முடிந்து இறங்கும்போது வரும் அசதியில் வித்தியாசம் நிச்சயம் தெரியும்.

விங்லெட்:
கண்ணாடி போடுபவருக்கு பிராண்டைவிட சீல் (காதைச் சுற்றி இடைவெளியின்றி அழுந்தும் மெத்தை வளையம்) முக்கியம். கண்ணாடிக் கம்பி தடித்திருந்தால் காதுக்கு மேலும் பின்னும் இடைவெளி விழும், அடிச்சத்தம் அதன் வழியாகத்தான் நுழையும். ஏஎன்ஆர் அதை ஈடுகட்டப் போய்த் திணறும், பொட்பொட்டென்று வெடிக்கவும் செய்யும். போட்டுப் பார்க்கும்போது கம்பி இருக்கும் இடத்தில் கிண்ணத்தை விரலால் லேசாக அழுத்துங்கள். சத்தம் சட்டெனக் குறைந்தால் அங்கே ஒழுகுகிறது என்று அர்த்தம். தட்டையான மெல்லிய கம்பி உள்ள ஃபிரேம் ஒன்று பறப்பதற்கென்றே வைத்துக்கொள்வது ஹெட்செட் மாற்றுவதைவிட மலிவு.

கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். உச்சந்தலை வலி அரை மணி கழித்துத்தான் தெரியும்.

ஸ்குவாக்7000:
பிளக் பற்றி யாரும் சொல்லவில்லை. 172-க்கு வேண்டியது இரட்டை ஜிஏ (சிறு விமானங்களுக்கான) பிளக்: தடித்தது (6.35 மி.மீ.) ஹெட்ஃபோனுக்கு, சற்று மெலிந்தது (5.2 மி.மீ.) மைக்குக்கு. ஒற்றை யு-174 ஹெலிகாப்டருக்கானது, ஐந்து பின் எக்ஸ்எல்ஆர் ஏர்பஸ்ஸுக்கானது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றை வாங்கிவிட வேண்டாம். ஏஎன்ஆர் செட்டில் ஆறு பின் லெமோ பிளக் இருந்தால் மின்சாரம் விமானத்தின் பேனலிலிருந்தே வரும், பேட்டரி தொல்லை இல்லை. ஆனால் பள்ளியின் எல்லா விமானத்திலும் அந்த சாக்கெட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் இருக்காது.

எல்லோர் குரலும் உங்களுக்குக் கேட்கிறது, உங்கள் குரல் யாருக்கும் போகவில்லை என்றால் முதலில் மெல்லிய பிளக்கைப் பாருங்கள், முழுதாக இறங்கியிருக்காது. ஒரு காதில் மட்டும் கேட்டால் மோனோ/ஸ்டீரியோ சுவிட்ச். மைக்கை உதட்டோரத்தில், 3 முதல் 6 மி.மீ. தள்ளி வையுங்கள். இரண்டு விரல்கடை தள்ளிப்போனால் மைக் உங்கள் குரலையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துவிடும். இன்டர்காம் முதல் அசையை விழுங்கிவிடும். அப்புறம் டவர் 'சே அகெய்ன்' (திரும்பச் சொல்) என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

பாட்டு ஹெட்ஃபோன் பின்னால் உட்காரும் பயணிக்குச் சரி. அதன் பிடி மெத்தென்றிருக்கும், பாஸிவ் தடுப்பு குறைவு. விமான ஏஎன்ஆரில் பேட்டரி தீர்ந்தாலும் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும், பாட்டு ஹெட்ஃபோனில் அந்த உத்தரவாதம் எல்லா மாடலிலும் கிடையாது.

தரையோட்டம்:
நன்றி. பழைய ஏஎன்ஆர் செட் ஒன்று விலைக்கு வருகிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

எதிர்க்காற்று:
பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் வாங்காதீர்கள். ஏஎன்ஆரை ஆன் செய்து, கேபிளை பிளக்கின் கழுத்திலும் கிண்ணத்தில் நுழையும் இடத்திலும் மெதுவாக வளைத்துப் பாருங்கள், கரகரப்பு வரக்கூடாது. காது சீல் விறைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ பயமில்லை, புதிது கிடைக்கும். அதன் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். துணி உறை போட்டால் வியர்வைக்கு நல்லது, சீல் கொஞ்சம் தளரும்.

ஏஎன்ஆருக்குப் பழகும்போது ஒன்று: இன்ஜினின் மாற்றம் காதுக்கு மந்தமாகத்தான் வரும். ஆர்பிஎம்மை முள்ளைப் பார்த்து வையுங்கள், சத்தத்தை நம்பி அல்ல. ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) பயிற்சியில் எச்சரிக்கை ஹார்ன் இந்த செட்டுக்குள் எப்படிக் கேட்கிறது என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விங்லெட்:
அந்தப் பழைய செட்டின் மாடல் பெயரைப் போடுங்கள். உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு சீல் கிடைத்தாலும் கேபிள் கிடைக்காது.