மறு: இன்சுலின் பம்ப்பின் ‘போலஸ்’ – மடக்கா, கவளமா?

வணக்கம் நண்பர்களே,

இன்சுலின் பம்ப் என்பது சர்க்கரை நோயாளியின் தோலுக்கடியில் இன்சுலினைச் செலுத்தும் சிறு கருவி. இடைவிடாமல் ஓடுவது போக, ஒரு தடவையில் தனியாகப் போகும் அளவுக்கு ‘போலஸ்’ (bolus) என்று பெயர். கருவியின் திரையிலும் கையேட்டிலும் போட அதற்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘மொத்த அளவு’ என்றே போட்டால் என்ன?

ஒரு நாளில் உடம்புக்குள் போன இன்சுலின் முழுவதையும் கூட்டிச் சொல்ல அந்தச் சொல் வேண்டும். திரையில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் குழப்பம்தான்.

‘மடக்கு’ என்று சொன்னது நான்தான். நீர்மம், ஒரே மூச்சில் உள்ளே போவது, பொருத்தமாகத்தான் பட்டது. நேற்று கையேட்டுக்கு ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: ‘இரண்டு மடக்கு செலுத்தப்பட்டது.’ வேகமாகப் படித்தால் ‘இரண்டு மடங்கு’. ஓர் எழுத்துதான் வித்தியாசம். இன்சுலின் இரண்டு மடங்கு போனால் சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கிவிடலாம். அழகான சொல், ஆனாலும் திரும்பப் பெறுகிறேன்.

> ‘வேளை அளவு’?

சாப்பாட்டுக்கு முன் போடுவதற்குச் சரி. சர்க்கரை ஏறியிருக்கும்போது இடையில் போடும் திருத்த அளவுக்கு ஒட்டாது. எனக்கு அதைவிட முக்கியம், பொறியாளர்களின் சிக்கல். பம்ப்பில் பெரும்பாலும் நிரப்பும் இன்சுலினில் 1 மில்லிலிட்டருக்கு 100 அலகு. 0.05 அலகு என்றால் அரை கன மில்லிமீட்டர். மோட்டார் திருகுத்தண்டைச் சிறிது சிறிதாகச் சுழற்றி இந்த அளவைக்கூடத் தள்ள வேண்டும். தோலுக்கடியில் குழாய் அடைத்துக்கொண்டால் உடனே தெரியாது. மணிக்கு 1 அலகு ஓடுகிறது, எச்சரிக்கை ஒலிக்க 2 அலகு தேங்க வேண்டும் என்று வையுங்கள்: 2 மணி நேரம் உடம்புக்கு மருந்தே இல்லை, கருவியோ ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் அடைப்பு விட்டால் தேங்கியதெல்லாம் ஒன்றாக உள்ளே போகும். இதற்கும் போலஸ் என்றுதான் பெயர். யாரும் கேட்காமல் போன அளவை ‘வேளை’ என்று எப்படிச் சொல்வது?

ஆகவே ‘கவளம்’. கிரேக்க மூலத்தின் பொருள் கட்டி. மென்று விழுங்கும் உணவுருண்டைக்கும் மருத்துவத்தில் போலஸ்தான். அதைத் தமிழில் கவளம் என்கிறோம். ‘எதிர்பாராக் கவளம்’, ‘திருத்தக் கவளம்’, மணிக்கணக்கில் பரவிச் செல்வதற்கு ‘நீள்கவளம்’ என்று எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. ஒன்றில் மட்டும் கவனம்: ‘உணவுக் கவளம்’ என்று எழுதினால் வாயில் போடும் உருண்டை ஆகிவிடும், ‘உணவுநேரக் கவளம்’ என்றே எழுத வேண்டும். எண்ணோடு அலகும் கட்டாயம்: ‘கவளம் 4 அலகு’.

இடைவிடாமல் ஓடும் ‘பேசல்’ (basal) அளவுக்கு ‘அடிவீதம்’ போதும் என்று நினைக்கிறேன். ‘கசிவு’ வேண்டவே வேண்டாம். அது பழுதின் பெயர்.