ஃபேஷன் பக்கம் எழுதுறவளை வைச்சு ஒரு மலையக நாவல்: எங்க தொடங்கலாம்?

கொட்டகலைக்காரி:
வணக்கம். எனக்கு வயசு 49. கொழும்பில ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில 19 வருஷம் மகளிர் பக்கம் பார்த்தேன். மகளிர் பக்கம்னா பாதி சமையல், பாதி சேலை. தீபாவளிக்கு எந்த பார்டர், கல்யாணத்துக்கு எந்த பிளவுஸ் கழுத்து, முகப்பருவுக்குக் கடலை மா. 2022 இல அச்சுத்தாள் தட்டுப்பாடு வந்தப்ப முதல்ல வெட்டு விழுந்தது எங்க பக்கத்துக்குத்தான். இப்ப ஊரோட வந்து நாவல் எழுதிக்கிட்டு இருக்கேன்.

கதாநாயகிக்கு என் வயசுதான், என் வேலைதான். அம்மா தேயிலைத் தோட்டத்தில கொழுந்தெடுத்தவங்க. பேர் இன்னும் வைக்கல. மூணு அத்தியாயத்தை ரெண்டு பேருக்குக் குடுத்தேன். ஒருத்தர், "மலையக நாவல்னு சொல்றீங்க, கொழுந்தையே காணோமே?" என்கிறார். மற்றவர், "இவ ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்கா?" என்று கேட்கிறார். துணியைத் தொட்டுப் பார்க்கிறதுல அவளுக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். அதுக்கும் காரணம் சொல்லணுமா?

எனக்கு உண்மையா நடந்த ஒண்ணை முதல் அத்தியாயமா வைக்கலாமான்னு யோசிக்கிறேன். 15 வருஷம் இருக்கும். தலவாக்கலைக்கு அங்கிட்டு ஒரு தோட்டத்தில பட்டுச் சேலை விளம்பரத்துக்குப் படம் எடுத்தாங்க. படத்துக்கு ரெண்டு வரி எழுத நானும் போயிருந்தேன். அந்தத் தோட்டத்தில அப்பவே எல்லாரும் சாக்குப் பைக்கு மாறிட்டாங்க. அதனால புதுக் கூடை ஒண்ணை வெளியில வாங்கிட்டு வந்து மொடல் பிள்ளை முதுகில தொங்க விட்டாங்க. நிஜமா கொழுந்தெடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்களை, இடுப்பில சேலைக்கு மேல கட்டின படங்கு படத்தில விழுதுன்னு ஓரமா நிக்கச் சொன்னாங்க. நிக்கிற நேரத்துக்கு அரைப்பேராச்சும், அதாவது அரைநாள் சம்பளமாச்சும், போடுவாங்களான்னு அதில ஒருத்தங்க கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டாங்க.

அந்தக் கூட்டத்தில என் சின்னம்மா. நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், கழட்டல. அவங்கதான் வந்து பேசினாங்க: "கயித்த அந்தப் புள்ள நெத்தியில மாட்டிவிட்டுருக்கீங்களேடி. மண்டையில, துண்டு மேல போடச் சொல்லு. தலைவலி வந்துரும்."

இதில தொடங்கினா நாவல் முழுக்கக் குற்ற உணர்ச்சியாப் போயிடுமோன்னு பயம். உங்களுக்கு எப்படிப் படுது?

லயத்துப் பேரன்:
கொழுந்து இல்லாட்டி மலையக நாவல் இல்லைன்னு எவன் சட்டம் போட்டான்? 2023 இல நாம இந்தியாவில இருந்து தோட்டத்துக்கு வந்து 200 வருஷம்னு ஊர் ஊரா விழா வைச்சாங்க. நான் போன மேடையெல்லாம் கூடையும் கம்பளியும்தான். எங்க அக்கா வங்கியில வேலை செய்றா, அவளை எந்த மேடையில ஏத்துறது? கொழுந்தை விடுங்க, எழுதுங்க.

பண்டாரவளை டீச்சர்:
தங்கச்சி, சின்னம்மா பேசுற இடம் அருமை. கறுப்புக் கண்ணாடியை மட்டும் எடுத்துடுங்க. அது சினிமாத்தனமா இருக்கு, நிஜமா நடந்திருந்தாலும்.

எனக்குக் குறையாப் படுறது வேற. இவ என்ன எழுதுறாள்னு தெரியுது, அவ கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு தெரியல. என்கிட்டப் படிச்ச பிள்ளைங்க எத்தனையோ பேர் கார்மெண்ட் வேலைக்குக் கட்டுநாயக்க போயிருக்காங்க. 1978 இல சுதந்திர வர்த்தக வலயம் திறந்த இடம், உங்களுக்குத் தெரியாததில்ல. ஒருத்தி லீவில வந்தப்போ என் மகனோட ஷர்ட்டைப் புரட்டி, கொலரை மட்டும் விரலால தடவிப் பார்த்தா. "நான் கொலர் மட்டும்தான் டீச்சர். மிச்ச ஷர்ட் எப்படி இருக்கும்னு கடையில பார்த்தாத்தான் தெரியும்" என்றாள். உங்க நாயகி நுவரெலியாவில ஏப்ரல் சீசனுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகட்டும். எல்லாரும் தொப்பியைப் பார்க்கிறப்ப இவ மட்டும் தையலைப் பார்க்கட்டும். அப்பதான் இவ யாரு வீட்டுப் பிள்ளைன்னு சொல்லாமலே புரியும்.

ஊசிநூல்:
நான் ஹட்டன்ல தையல் கடை. கத்தரிக்கோல் பிடிச்சு 31 வருஷம். நாவல் பத்தி எனக்கு என்னம்மா தெரியும், பிளவுஸ் பத்திச் சொல்றேன்.

மலையில வேலை செய்றவங்க பிளவுஸை டவுன்காரங்க அளவுக்கு வெட்டக் கூடாது. தேயிலைச் செடி இடுப்பு உசரம், ரெண்டு கையும் நாள் பூரா முன்னால நீண்டுக்கிட்டே இருக்கும். முதுகில ஒரு விரல் தாராளம் விடணும், கம்மாக்கூட்டிலயும் கொஞ்சம் விடணும். விடலைன்னா ஒரே மாசத்தில முதுகுப் பக்கம் கிழிஞ்சு வரும். பழக ஆரம்பிச்ச காலத்தில இது தெரியாம நாலு பேர்கிட்ட ஏச்சு வாங்கியிருக்கேன்.

தீபாவளி அட்வான்ஸ் குடுத்த மறுநாள் பாருங்க, கடையில நிக்க இடம் இருக்காது. அளவு பிளவுசோட பத்திரிகைத் தாள் ஒண்ணையும் மடிச்சுக் கொண்டு வருவாங்க, ஈபிஎஃப் கடுதாசி வைச்ச அதே பிளாஸ்டிக் பைக்குள்ள. "மாஸ்டர், இதே கழுத்து." கழுத்து படத்தில உள்ளபடி, முதுகு மலைக்கு ஏத்தபடி. ரெண்டையும் ஒரே துணியில கொண்டு வரணும். அந்தத் தாளை எழுதினது நீங்களோ வேற யாரோ. ஆனா அது தோட்டத்து லயத்து வீடு வரைக்கும் வந்திருக்கும்மா, நீங்க கொழும்பில இருந்ததால தெரிஞ்சிருக்காது.

கொட்டகலைக்காரி:
மாஸ்டர், ரெண்டு தடவை வாசிச்சிட்டேன். நான் அந்தப் பக்கத்தைக் கொழும்பு வாசகிக்குன்னு நினைச்சுத்தான் எழுதினேன். வெள்ளவத்தைக் கடைகள்ல கிடைக்கும்னு கடைசி வரியில போடுறது வழக்கம். ஹட்டன்னு ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

டீச்சர், கண்ணாடியை எடுத்துட்டேன். குதிரைப் பந்தயத்துக்கு நானே ஒரு தடவை போயிருக்கேன், ஆனா நானும் தொப்பியைத்தான் பார்த்தேன்!

மாஸ்டர், ஒண்ணு கேட்கணும். அந்தத் தாள்கள்ல எந்தக் கழுத்தை அதிகமாக் கொண்டு வந்தாங்க?

ஊசிநூல்:
பானைக் கழுத்து, பின்னால குஞ்சம் வைச்சது. ஒரு வருஷம் எல்லாருக்கும் அதேதான். குஞ்சத்தோட மலைக்குப் போக முடியாது, பை பட்டுச் சிக்கும். அதனால கொக்கியில மாட்டிக் கழட்டுற மாதிரி தைச்சுக் குடுத்தேன். கோயிலுக்கு மாட்டுவாங்க, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போறப்ப கழட்டிடுவாங்க.

கொட்டகலைக்காரி:
குஞ்சம் என் பக்கத்தில வந்ததுதான். நல்லா ஞாபகம் இருக்கு.

ஊசிநூல்:
அப்ப கடைக்கு வாங்கம்மா. அந்தக் கழுத்துக்கு வெட்டின அட்டை இன்னும் ஆணியில தொங்குது. ஞாயிறு வேணாம், கூட்டமா இருக்கும். செவ்வாய்க்கிழமை பின்நேரம் வாங்க.