புதுப்பிப்பு: தம்பியின் கணுக்கால், வீடியோவில் டாக்டர்

தூத்தூர் பக்கம் பந்து விளையாடப் போன தம்பி காலைப் பிசக்கிக்கொண்டு வந்ததையும், நாகர்கோவிலுக்கு அலையாமல் வீடியோவில் டாக்டரைப் பார்த்தால் போதுமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். பார்த்தாச்சு.

முதல் கேள்வியே, "நாலு அடி ஊன்றி நடக்க முடியுதா?" நொண்டிக்கொண்டே நடந்தான். பிறகு என் விரல்தான் அவருக்குக் கருவி. கணுக்கால் மொட்டியின் (இருபக்கமும் புடைத்து நிற்கும் எலும்பு) பின்விளிம்பை நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை இரண்டு பக்கமும் அழுத்தச் சொன்னார். அப்புறம் பாதத்தின் உள்பக்க எலும்பு, சுண்டுவிரல் பக்க எலும்பின் அடி. எங்கும் வலிக்கவில்லை, மொட்டிக்கு முன்னால், தசைநாரில்தான் வலி. இதற்கு ஒட்டாவா விதி என்று பெயராம். எலும்பில் வலித்திருந்தாலோ, நடக்க முடியாமல் போயிருந்தாலோ எக்ஸ்ரேதான்.

இப்படி வீடியோவில் காட்டப்போகிறவர்கள் போனைக் கையில் பிடிக்காதீர்கள், ஸ்டூலில் சாய்த்து வையுங்கள். இரண்டு காலும் சேர்ந்து தெரியணும். வீக்கத்தை ஒப்பிட அதுதான் வேணும்.

"ஆசான்கிட்ட ஒரு தடவு தடவுனா சரியாவும் மக்கா" என்று சித்தி விடவில்லை (ஆசான் என்றால் எங்கள் பக்கத்து வர்ம வைத்தியர்). முதல் இரண்டு மூன்று நாள் உருவக் கூடாது, ரத்தக்கசிவு கூடும் என்று டாக்டர் சொன்னதும்தான் அடங்கினார். ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது, வலி குறைந்ததும் ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சி.

தசைநார் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது கையால் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். வீக்கம் வடிந்ததும் அதற்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார். போகிறோம்.